கழுவாமல் விட்ட கோப்பைகள்

டென்மார்க்கில் வாய்மொழிச் சோதனையை யாரும் போய்ப் பார்க்கலாம். புருஷன் வரலாம், அயலவர் வரலாம், வீதியால் போகிறவர்கூட உள்ளே வந்து பின்கதிரையில் இருந்து கேட்கலாம். கடைசி வகுப்பில் எங்கள் ரீச்சர் இதைச் சொன்னபோது, கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறா என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சோதனை மண்டபப் படலைக்குக் கிட்டத் தாய் தகப்பனைக்கூட அண்டவிடாத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். வரலாம் என்று ஒரு ஆசிரியை சொன்னால் வரத்தானே வேண்டும்! வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"நான் வந்து என்ன செய்யிறது? எனக்கென்ன விளங்கப்போகுதே?"

"விளங்கத் தேவையில்லை. வந்து சும்மா இருங்கோ. ரீச்சர் சொன்னவ."

அவர் மறு பேச்சுப் பேசாமல் லீவு எடுத்தார். கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டைத் தூசி தட்டி எடுத்தார். சப்பாத்தும் மினுக்கினார். சோதனை எனக்கா அவருக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஹேர்னிங்கில் இருந்தோம். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் உள்சட்டைகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்தேன். இவர் ஊருக்கு வெளியே தளபாடம் செய்கிற இடத்தில் பலகை சீவினார். தையல் வேலை ஒன்றும் கெட்ட வேலை இல்லை. என்னை எரிச்சல்படுத்தியது ஃபோர்மன் கதைக்கிற விதம். என்னோடு பேசும்போது அவர் குரலை உயர்த்தி, கையை ஆட்டி, குழந்தைக்குச் சோறு தீத்துகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தருவார். அவர் சொல்வது எனக்கு முழுக்க விளங்கும். விளங்கவில்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டு மூன்றாம் தரமும் சொல்லுவார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். ஆனால் நானும் படித்தவள்தான் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடுதாசி இருக்கவில்லை.

ஊரில் உயர்தரச் சோதனை எழுதப் போனேன், உண்மை. இரசாயனவியல் வினாத்தாள். பாதி எழுதியிருப்பேன், சந்திப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. மண்டபத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தோம். சத்தம் கிட்ட வந்தது. மேற்பார்வையாளர் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "எழுதினது காணும். எல்லாரும் வெளியில போங்கோ. பின்பக்கத்தால போங்கோ" என்றார். விடைத்தாள்களை மேசையில் அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். பிறகு பெறுபேறு வந்தபோது அந்தப் பாடத்துக்கு நேரே எனக்குத் 'தோற்றவில்லை' என்று போட்டிருந்தார்கள். சோதனைக்கே வரவில்லையாம்! பாதித்தாள் எழுதிய என்னைப் பார்த்து! மறுபடி எழுதலாம் என்றார்கள். அதற்குள் கலியாணம், பிள்ளை, இடம்பெயர்வு என்று காலம் போய்விட்டது.

ஹேர்னிங்குக்கு வந்து டெனிஷ் கொஞ்சம் பிடிபட்டதும் நோயாளர் பராமரிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். ஊர்ச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் இங்கத்தைய பள்ளிக்கூட இறுதிச் சோதனையை, வளர்ந்தவர்களுக்கான கல்லூரியில் எடுத்து, டெனிஷ் பாடத்தில் சித்தியடைந்து வரவேண்டும், ஓகஸ்டில் பயிற்சி தொடங்கும்வரை இடம் வைத்திருப்போம் என்றார்கள். வேலை முடிந்து பின்னேர வகுப்புக்குப் போனேன். எழுத்துச் சோதனையில் ஒருமாதிரித் தப்பிவிட்டேன். வாய்மொழி கைவிட்டால் எல்லாம் போச்சு. ஓகஸ்டிலும் கழுத்துப்பட்டி, அடுத்த ஓகஸ்டிலும் கழுத்துப்பட்டி.

எங்கள் ரீச்சர் என்னைவிட வயதில் இளையவ. மரச்செருப்புப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று வருவா. தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பா. எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் அவவை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தேன். வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் ஐம்பது தாண்டிய ஒரு டெனிஷ் மனுஷி. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பண்ணை வேலைக்குப் போனவ. பாடம் நடக்கும்போது பின்னல் பின்னிக்கொண்டே இருப்பா. ரீச்சர் ஒன்றும் சொல்லமாட்டா. ஊரில் என்றால் ஊசியும் நூலும் யன்னலால் பறந்திருக்கும்.

வகுப்பில் படித்த கதைகளில் ஒன்று என்னைப் போட்டு உலுப்பியது. ஒரு கிழவி தனியாகப் பண்ணை வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு காலை மகன் காரில் வருகிறான். இருவரும் கோப்பி குடிக்கிறார்கள். பட்டணத்தில் ஒரு இடம் பார்த்துவிட்டு வரலாம் வா என்கிறான். கிழவி கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறாள். அந்த இடம் முதியோர் இல்லம். அவள் திரும்பி வருவதில்லை. மேசையில் இரண்டு கோப்பைகள் கழுவாமல் இருக்கின்றன என்பதோடு கதை முடிகிறது.

கோப்பைகளை ஏன் கழுவவில்லை என்று ரீச்சர் கேட்டா. மகன்மேல் கோபம், நீயே கழுவிக்கொள் என்று விட்டுவிட்டுப் போகிறாள் என்றார்கள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. நானும் எழுதிக்கொண்டேன். எழுதியதை வீட்டில் சமைக்கும்போது, தைக்கும்போது, மகளைத் தோய வார்க்கும்போது என்று சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சோதனை என்றால் பாடமாக்குவதுதானே! ஒவ்வொரு கதைக்கும் ஒவ்வொரு விடை நாக்கு நுனியில் இருந்தது. இந்த ஒரு விடை மட்டும் தொண்டையில் மீன்முள்ளு மாதிரி எங்கேயோ இடறியது.

சோதனை எப்படி நடக்கும் என்று ரீச்சர் விளக்கிய நாளில் நான் வகுப்புக்குப் போகவில்லை. மகளுக்குக் கொப்புளிப்பான் வந்து உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தாள். சோதனை எங்கேயும் சோதனைதானே என்று நானும் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

யூன் மாதத்து மழை நாள் அது. ஒழுங்கையில் காரை விட்டுவிட்டுக் குடையோடு போனோம். அறையில் நீள மேசை, அதன்மேல் பச்சைத் துணி. ஒரு பக்கத்தில் ரீச்சர். அவவுக்குப் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர். அவரை அங்கே சென்சோர் என்பார்கள். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, சிரிப்பே இல்லாத முகம். பச்சைத் துணியில் கவிழ்த்து வைத்திருந்த துண்டுகளில் ஒன்றை எடுக்கச் சொன்னார். வலக்கையால் எடுத்தேன். பிள்ளையாரே என்று நிமிர்த்திப் பார்த்தால், கிழவியின் கதை.

வேறொரு அறையில் இருந்து ஆயத்தப்படுத்த நேரம் தந்தார்கள். ஆயத்தப்படுத்த என்ன இருக்கிறது, எல்லாம் பாடம். திரும்பி வந்தபோது இவர் பின்வரிசையில் ஒரு கதிரையில் நிமிர்ந்து, குடையை முழங்காலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு இருந்தார். வேறு யாரும் இல்லை. அவரைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதல் பகுதி தண்ணீர் மாதிரி ஓடியது. யார் எழுதியது, எந்தக் காலம், பண்ணை எப்படி இருந்தது, மகன் எப்படிப்பட்டவன், எல்லாம் சொன்னேன். ரீச்சரின் முகம் மலர்ந்தது. பிறகு சென்சோர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோப்பைகளை அவள் ஏன் கழுவாமல் விட்டுப் போகிறாள்?"

பாடமாக்கிய விடையைத் தொடங்கினேன். "அவளுக்கு மகன்மேல்..." அவ்வளவுதான். மிச்சம் வரவில்லை. மறக்கவில்லை, சொல் எல்லாம் வாய்க்குள் நின்றது. வெளியே வர மறுத்தது.

"மகன்மேல் கோபம்," என்று அவரே எடுத்துக் கொடுத்தார். "அப்படித்தானே?"

ஓம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். விசரி நான், ஆட்டவில்லை.

"இல்லை. நீங்கள் சொல்வது பிழை," என்றேன்.

ரீச்சர் நிமிர்ந்து பார்த்தா. எனக்கு இனி நிறுத்தத் தெரியவில்லை. பாடமாக்காத டெனிஷ், வாயில் வந்தபடி வந்தது.

"கோபப்படுவதென்றால் முதலில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. திரும்பி வரமாட்டேன் என்று தெரிந்த பெண் கழுவித் துடைத்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் போவாள். கோபமாக இருந்தாலும் கழுவுவாள். வேறு ஒருத்தி வந்து தன் ஊத்தைக் கோப்பையைக் காண விடமாட்டாள். பின்னேரம் வந்துவிடுவேன் என்று நம்புகிறவள்தான் அப்படியே விட்டுவிட்டுப் போவாள்."

"அது கதையில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் சென்சோர்.

"கதையில் இல்லை. என் வீட்டில் இருக்கிறது. ஊரில், என் அடுப்படியில் இன்னும் ஒரு சட்டி இருக்கிறது. மீன் குழம்பு வைத்த சட்டி. நான் அதைக் கழுவவில்லை. என்னிடமும் ஒருவரும் சொல்லவில்லை."

சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று எனக்கே கேட்டது. மழை யன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ரீச்சர் எதையோ எழுதினா. சென்சோர் கண்ணாடியை மாட்டி, மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நன்றி. இப்போது நீ வெளியே போகலாம்."

என்ர கடவுளே! நரைத்த தலை மனிசனிடம், அதுவும் சோதனை எடுக்கிறவரிடம், நேருக்கு நேர் பிழை என்று சொன்னால் வேறென்ன நடக்கும்? கலைத்துவிட்டார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. நாங்கள் போகச் சொன்னால் போகிற சனம். இவர் நான் திரும்புவதற்கு முதலே எழும்பிவிட்டார், குடையும் என் கைப்பையும் கையில்.

விறாந்தையில் பின்னல்காரி தன் முறைக்காகக் காத்திருந்தா. எங்களைக் கண்டதும் ஏதோ கேட்டா. நான் தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் நடந்தேன். கண் முழுக்கத் தண்ணீர். அவவுக்கு முன்னால் அழக்கூடாது என்ற ரோசம் வேறு.

காருக்குள் ஏறியதும் குமுறிக் குமுறி அழுதேன்.

"என்ர வாய்தான். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எந்தச் சோதினையில ஆர் இப்பிடிச் சொல்லுறது? கலைச்சுப்போட்டாங்கள். இனி ஓகஸ்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

இவர் திறப்பைப் போட்டார், ஆனால் காரை இயக்கவில்லை. கையைச் சுக்கானில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்தச் சட்டி," என்றார்.

"எந்தச் சட்டி?"

"நீர் உள்ளுக்குச் சொன்ன சட்டி."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "உங்களுக்கு விளங்கினதே?"

"எல்லாம் இல்லை. சட்டி விளங்கினது. ஒருத்தரும் சொல்லேல்லை எண்டது விளங்கினது."

அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை. காலமை அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டுப் பின்னேரம் வருவோம் என்று வெளிக்கிட்டோம். மகள் கைக்குழந்தை. சட்டியைக் கழுவிவிட்டு வாறன் என்றேன், பிறகு வந்து கழுவலாம், பஸ் போயிடும் என்றார். பக்கத்து வளவில் இருந்த அம்மாவிடம்கூட வேலியால் எட்டிப் பார்த்து, அக்கா வீட்டை போட்டு வாறம் என்று மட்டும்தான் சொன்னேன். அக்கா வீட்டில் இருக்கும்போது எங்கள் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு, பாதை பூட்டு என்று செய்தி வந்தது. அங்கிருந்து அப்படியே கொழும்பு, கொழும்பிலிருந்து இங்கே. விதி, நேரம், நாடு கெட்ட கேடு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாரியில் தந்தி வந்தது, அம்மா போய்விட்டா. அதற்கும் விதியைத்தான் ஏசினேன்.

"பாதை பூட்டினது பொய்யில்லை," என்றார் இவர். "ஆனா அது பூட்டாட்டியும் நாங்கள் திரும்பியிருக்கமாட்டம். பயணத்துக்கு எல்லாம் ஒழுங்குபண்ணிப்போட்டன். உடுப்புப் பெட்டி ஒரு கிழமைக்கு முதலே அக்கா வீட்டை போயிட்டுது."

நான் கண்ணைத் துடைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"உம்மட்டைச் சொல்லியிருந்தா நீர் மாமியை விட்டிட்டு வெளிக்கிட்டிருக்கமாட்டீர். பக்கத்து வீட்டுப் பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அடுத்தது நான்தான். சொல்லுற துணிவு வரேல்லை."

"பிறகும் சொல்லேல்லையே. அம்மா செத்த பிறகும் சொல்லேல்லையே."

"அதுக்குப் பிறகு எப்பிடியப்பா சொல்லுறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்கு அது தெரியும். அவர் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கமாட்டார் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அந்த மனிசனைத் தோளில் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கெதியா வா பிள்ளை, மழைக்குணம்" என்று சொன்னா. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்திருந்தால் ஒருக்கால் திரும்பிப் பார்த்திருப்பேனே.

அப்போதுதான் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. டக் டக் டக். மழைக்குள் தலை நனைய ரீச்சர் ஓடி வந்துகொண்டிருந்தா. அவவுக்குப் பின்னால் கல்லூரி வாசலில் நின்று பின்னல்காரி எங்கள் காரைக் கை நீட்டிக் காட்டினா. ரீச்சர் என் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினா. இறக்கினேன்.

"எங்கே போகிறாய்? உன் புள்ளியைக் கேட்காமலா போகிறாய்?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "வெளியே போகச் சொன்னாரே."

"கதவுக்கு வெளியே! நாங்கள் இருவரும் கதைத்துப் புள்ளி போடும்வரைக்கும். அதற்குப் பிறகு கூப்பிட்டுச் சொல்லுவோம். எல்லோருக்கும் அப்படித்தான்."

ஊரில் பெறுபேறு மாதக்கணக்கில் கழித்து வரும், பலகையில் ஒட்டுவார்கள், முண்டியடித்துப் பார்க்க வேண்டும். போட்ட கையோடு முகத்துக்கு நேரே சொல்லுவார்கள் என்று நான் எங்கே கண்டேன்! வெளியே போ என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடி வந்து உள்ளே வா என்று கூப்பிடுகிற சனத்தை என் வாழ்க்கையில் அதற்கு முன் கண்டதில்லை.

திரும்பிப் போனோம். இவர் இந்த முறை இருக்கவில்லை, கதவடியில் நின்றுகொண்டார். சென்சோர் எழும்பி நின்றார்.

"ஒன்பது," என்றார்.

பின்னாலிருந்து இவர் மெதுவாக, "நூறுக்கோ?" என்று கேட்டார். அங்கே புள்ளி பதின்மூன்று வரைக்கும்தான், ஆறு எடுத்தால் சித்தி. எட்டு என்றாலே நல்ல புள்ளி. ஒன்பது எடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் அதிகம் இருக்கவில்லை. ஓகஸ்ட் எனக்குத்தான். இதற்காக எத்தனை மாதம் தவம் கிடந்தேன், இப்போது கையில் வந்து நிற்கிறது, ஆனால் முகத்தில் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

"நீ உன் கருத்தைக் காரணத்தோடு சொன்னாய். அதற்குத்தான் இந்தப் புள்ளி," என்றார் சென்சோர். முதன்முதலாக மெல்லச் சிரித்தார். "ஆனால் நான் என் கருத்தை மாற்றவில்லை. அவளுக்கு மகன்மேல் கோபம் என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன்."

நான் திரும்பிக் கதவடியைப் பார்த்தேன். கோட்டு நனைந்து, கையில் குடையோடு இவர் தலை குனிந்து நின்றார்.

"ஓம்," என்றேன் டெனிஷில். "இப்போது நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவளுக்குத் தெரிய வரும்போது, கோபம் வரத்தான் செய்யும்."

சென்சோர் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. அவர் தலை நிமிரவில்லை.

வெளியே பின்னல்காரியின் மகள்மார் தாய் சித்தியடைந்தால் ஆட்டவென்று கொண்டுவந்த கடுதாசிக் கொடிகளில் ஒன்றை எடுத்து இவர் கையில் கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். அவர் அதைக் குடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அன்று பின்னேரம் கோழி வாங்கிக் கறி வைத்தேன். மகள் கொடியை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் இவர் எழும்பிச் சட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் ஒரு சட்டி கழுவி நான் கண்டதில்லை. அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினார். விடுங்கோ, நான் கழுவிறன் என்று நான் சொல்லவில்லை. கழுவி முடியும்வரை கதிரையிலேயே இருந்தேன்.